அம்மியை இறக்கிவைத்த பயணம்

எங்கள் தோட்டத்து ஆட்கள் ட்ரிப் போவதென்றால் வீட்டையே பிடுங்கிக்கொண்டு போவார்கள். லொறியில் ஆள் ஏறும், அண்டா ஏறும், விறகு ஏறும், அரிசி மூட்டை ஏறும், கடைசியாக அம்மி ஏறும். அது கடைசியாக ஏறுவதற்கும் காரணம் உண்டு. வண்டி எங்கே நின்றாலும் முதலில் இறங்க வேண்டியது சமையல் சாமான். அதனால் கனமானதெல்லாம் வண்டியின் பின்பக்கத்தில்தான் இருக்கும். பெரியவர்கள் சாமி கும்பிடுவதற்கும் பிள்ளைகள் ஆற்றில் குதிப்பதற்கும் முன்னால் உலை கொதித்தாக வேண்டும்.

அந்த உலைக்குப் பொறுப்பு எப்போதும் என் அக்காதான். இரத்தினபுரிக்கு மேலே இருக்கும் றப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவள். எங்கே கூட்டிக்கொண்டு போனாலும் கல் கூட்டி அடுப்பு வைத்துவிடுவாள். கதிர்காமத்துக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறாள். அங்கே என்ன பார்த்தாய் என்று கேட்டால் ஒரே பதில்தான்.

"பொகைதான் பாத்தேன், வேறென்ன?"

மழையில் ஒரு நாள் பால் வாளியோடு சரிவில் விழுந்து இடுப்பு எலும்பு உடைந்தது. அதற்குப் பிறகு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் நடப்பதோடு சரி. பஸ் ஏற முடியாது, குந்தி உட்கார முடியாது. என் வீட்டில்தான் இருக்கிறாள். நான் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருக்கும்போது எதிரே கட்டிலில் உட்கார்ந்து கீரை ஆய்வாள், வெங்காயம் உரிப்பாள், பொத்தான் தைப்பாள். சும்மா இருந்து நான் பார்த்ததில்லை. வாயைத் திறந்து ஒன்று கேட்டும் பார்த்ததில்லை. தண்ணீர் வேண்டுமென்றால்கூட யாராவது கவனிக்கும்வரை காத்திருப்பாள். எனக்கு அது ஆத்திரமாக வரும். கேட்டால்தான் என்ன, வாயில் முத்தா உதிர்ந்துவிடும்?

எங்கள் வீட்டுக்காரர் வேன் ஓட்டுகிறார். கித்துல்கலையில் ஆற்றில் படகு விடும் தொழிலை மூடிவிட்டுப் போன ஒருவர், ஒரு பழைய கேரவனை இவர் தலையில் கட்டிவிட்டார். பதிலுக்கு எங்கள் கை டிராக்டர் போய்விட்டது. வாசலில் வந்து நின்றதைப் பார்த்து நான் போட்ட சத்தம் கீழ் லயத்து வீடுகள் வரை கேட்டதாம். வேனுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுக்கிற தகர வீடு அது. உள்ளே ஒரு கட்டில், ஒரு ஜன்னல், பின்பக்கம் திறந்தால் சமைக்க ஒரு குட்டிக் குசினி.

அவர் மெதுவாகச் சொன்னார்: "கத்தாத. உள்ள ஒரு மூலையில நாற்காலி கக்கூஸ் வைக்க எடமிருக்கு. அக்காவ கூட்டிட்டுப் போலாம்."

நான் உள்ளே ஏறி அந்த மூலையை முழம் போட்டு அளந்து பார்த்தேன்.

முதல் பயணத்துக்குக் கித்துல்கலையையே தேர்ந்தெடுத்தோம். கேரவனைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய்க் காட்டலாம் என்று ஒரு பெருமை. எங்களுக்குத் தெரிந்த முறைப்படியே சாமான் ஏற்றினோம். குசினி பின்னால்தானே இருக்கிறது! அரிசி, தேங்காய், தண்ணீர் கேன்கள், பெரிய பானை, விறகு எல்லாம் அங்கே. எல்லாவற்றுக்கும் மேலே அம்மி. சம்பல் அரைக்காமல் ஒரு ட்ரிப்பா?

அவிசாவளை தாண்டி வளைவுகள் தொடங்கியதும் கேரவன் ஆட ஆரம்பித்தது. முதலில் லேசாக, பிறகு மாட்டின் வால் மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும். அக்கா வேனின் முன் சீட்டிலிருந்து கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"தம்பி, பின்னால இழுக்குது. மெதுவா போங்க."

எதிரே வந்த லொறிக்காரர் கையை வெளியே நீட்டிக் கத்தினார்: "அய்யே, பிட்டிபஸ்ஸ பர வெடி!" பின்னால் பாரம் அதிகமாம். ஓரமாக நிறுத்தி, நானும் அவரும் அம்மியைத் தூக்கிச் சக்கரத்துக்கு நேர் மேலே வைத்தோம். ஆட்டம் பாதி அடங்கியது. எங்கள் படபடப்பும் பாதி அடங்கியது.

ஆற்றங்கரையில் சேர்ந்தபோது மழை பிடித்துக்கொண்டது. ஒரு சக்கரம் சேற்றில் இறங்க, வீடு முழுக்க ஒரு பக்கம் சாய்ந்தது. அவர் தார்ப்பாய் கட்ட, காற்று அதை அவிழ்க்க, நான் ஈர விறகோடு மல்லுக்கட்ட, ஒரே அமளி. எனக்குக் கையும் ஓடவில்லை காலும் ஓடவில்லை. இதையெல்லாம் அக்கா ஜன்னலோரக் கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் அம்மிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து மிளகாய் அரைக்கத் தொடங்கியதும் அவளால் பொறுக்க முடியவில்லை. வாக்கரைக்கூட எடுக்காமல் வாசல் படியில் காலை வைத்திருக்கிறாள். சாய்ந்து கிடந்த வண்டியின் ஈரப்படி அது. அப்படியே வழுக்கிச் சேற்றில் உட்கார்ந்துவிட்டாள்.

எலும்பு எதுவும் உடையவில்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்தபோது உடைந்திருந்தால்கூடத் தேவலை என்று தோன்றியது.

வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகுதான் வாயைத் திறந்தாள். "நான் வந்தா ஒங்களுக்கு வேல. வேலயப் பாத்துக்கிட்டு என்னால சும்மா ஒக்காந்திருக்க முடியாது. இனிமே என்னைய கூப்புடாதீங்க."

அக்கா ஒன்றைச் சொன்னால் சொன்னதுதான். இனி இந்தக் கட்டிலும் இந்த ஜன்னலும்தான் அவளுக்கு உலகம் என்று நினைத்தபோது எனக்கு அழுகை வந்தது. அழுகை வந்தால் எனக்குக் கூடவே கோபமும் வரும். அந்தக் கோபத்தோடு கேரவனுக்குள் ஏறினேன். கையில் அகப்பட்டதையெல்லாம் தூக்கி வெளியே போட்டேன். பெரிய பானை, விறகு, தார்ப்பாய், மூன்றாவது சருவச்சட்டி, யாருக்கென்றே தெரியாத பாய்கள். கடைசியாக அம்மியை அவர் இறக்கினார். இறக்கும்போது செத்தவரைத் தூக்குகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"இது இல்லாம எப்படிப் புள்ள?"

"வாயால சாப்பிடுங்க. அம்மியாலயா சாப்பிடுறீங்க?"

பிறகு உட்கார்ந்து யோசித்தோம். வேலை எங்கே பிறக்கிறது என்று பார்த்தால், பாதி வேலை சாமானை ஏற்றுவதிலும் இறக்குவதிலும்தான் பிறக்கிறது. அதனால் ஒரு சட்டி, ஒரு கெட்டில், ஆளுக்கொரு தட்டு, ஆளுக்கொரு கோப்பை, ஒரு சின்ன கேஸ் அடுப்பு மட்டும் கேரவனுக்கென்றே வாங்கி உள்ளேயே வைத்துவிட்டோம். அவை வீட்டுக்குள் வரவே கூடாது. முதல் நாள் சாப்பாடு வீட்டிலேயே கட்டிய சோற்றுப் பார்சல். சாப்பிட்டுவிட்டு இலையைச் சுருட்டினால் கழுவுகிற வேலை இல்லை. சம்பலுக்குப் பதில் வறுத்து இடித்த கருவாட்டுப் பொடி ஒரு போத்தலில். தண்ணீரைச் சுமந்துகொண்டு மலை இறங்குவதற்குப் பதில் காலி கேன்களைக் கொண்டுபோய் அங்கே நிரப்புவது. ஊர் ஊராகச் சுற்றாமல் ஒரே இடத்தில் நிற்பது. வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேருவது.

அவர் தன் பங்குக்கு மரக்கட்டைகள் அறுத்தார். சக்கரத்துக்கு அடை கொடுக்க ஒரு சோடி, பள்ளமான பக்கத்தை உயர்த்த வெவ்வேறு தடிமனில் சில. படியைக் கழற்றி வீசிவிட்டு அகலமான சாய்வுப் பலகை போட்டார். அதன் மேல் பழைய றப்பர் ஷீட்டை ஆணியடித்தார். எந்த மழையிலும் கால் வழுக்காது. அக்கா வெட்டிய பாலில் செய்த ஷீட்டாகக்கூட இருக்கலாம் என்று நான் சொன்னேன். அவர் குனிந்து இன்னும் ஓர் ஆணி அடித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் வாசலிலேயே ஒத்திகை நடந்தது. வேனை ரோட்டிலிருந்து உள்ளே கொண்டுவருவார், கட்டை வைப்பார், பலகை போடுவார். நான் கேஸைப் பற்றவைத்துத் தேநீர் ஊற்றுவேன். பிறகு எல்லாவற்றையும் மடித்துவிட்டு மறுபடி முதலிலிருந்து.

"என்ன, வாசல்லயே ட்ரிப்பா?" என்று பக்கத்து வீட்டுக்காரி சிரித்தாள். சிரிக்கட்டும். அக்கா ஜன்னல் வழியாகப் பார்க்கிறாள் என்பது எனக்குத் தெரியும். வேலை என்று வந்தால் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் அவள்.

ஒரு நாள் அவளிடம் போய்ச் சொன்னேன்: "ஒரே ஒரு தடவ வாங்கக்கா. நான் வேர்த்து விறுவிறுத்து நிக்கிறதப் பாத்தீங்கன்னா, அங்கயே வண்டியத் திருப்பிருவோம். அதுக்கப்பறம் கேட்கவே மாட்டேன்."

அக்கா என்னை மேலும் கீழும் பார்த்தாள். "வேர்த்தா திருப்பணும்" என்றாள்.

"திருப்புவோம்."

ஆனால் நாங்கள் போனது கீழே வெயில் பூமியான எம்பிலிப்பிட்டியவுக்கு. எங்கள் மலையில் இருப்பவர்களுக்கு அங்கே இறங்கியதுமே வேர்க்கும். இதை யோசிக்காமல் வாக்குக் கொடுத்த என் புத்தியை வழியெல்லாம் நொந்துகொண்டே போனேன். கேரவன் மட்டும் ஒரு ஆட்டம் ஆடவில்லை. பெட்டிப்பாம்பாகப் பின்னால் வந்தது.

எங்கள் வீட்டுக்காரருக்குப் பழக்கமான சிங்கள முதலாளி ஒருவர் அங்கே வாழைத்தோட்டம் வைத்திருக்கிறார். தோட்டத்தின் முடிவில் ஒரு பெரிய குளம். வேலிக்கு இந்தப் பக்கம் மேடான இடத்தைக் காட்டிவிட்டு, அக்காவைப் பார்த்து "வத்துர ஓனத, அக்கே?" என்று கேட்டார். தண்ணீர் வேண்டுமா என்று யாரோ கேட்டுவிட்டார்கள். அக்கா வெட்கப்பட்டுத் தலையை ஆட்டினாள். கிணற்றுக் குழாயில் கேன்களை அவரே நிரப்பிக் கொடுத்தார்.

ஒத்திகை பார்த்த வேலை, வண்டி நின்றவுடனே முடிந்துவிட்டது. கட்டை, பலகை, கெட்டில். கதவு குளத்தைப் பார்த்து இருந்தது. அக்கா வாக்கரோடு பலகையில் மெல்ல ஏறி, வாசலில் போட்டிருந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். நான் தேநீரை நீட்டினேன். என் நெற்றியிலிருந்து ஒரு சொட்டு அவள் கண்ணெதிரிலேயே விழுந்தது.

எங்கள் வீட்டுக்காரர் கையில் இருந்த கோப்பையோடு அப்படியே நின்றார்.

அக்கா அந்தச் சொட்டைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சுற்றிலும் கண்ணை ஓட்டி, செய்யாமல் கிடக்கிற வேலை ஏதாவது இருக்கிறதா என்று தேடினாள். ஒன்றும் இல்லை.

"இது வெயிலுக்கு வேர்க்குது. இது கணக்குல வராது" என்று தேநீரை வாங்கிக்கொண்டாள்.

அதற்குப் பிறகுதான் அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

எங்கள் தோட்டத்தில் வானம் முழுதாகக் கிடைக்காது. றப்பர் இலைகளுக்கு நடுவே துண்டு துண்டாகத்தான் தெரியும், மிச்சத்தை மலை மறைத்துவிடும். பால் வெட்டுகிறவளுக்கு அந்தத் துண்டைப் பார்க்கவும் நேரம் ஏது? அவள் கண் மரப்பட்டையில்தான் இருக்கும். இங்கே மலை தூரத்தில் ஒதுங்கி நின்றது. வானம் எந்த மறைப்பும் இல்லாமல் கீழே இறங்கி வந்து, குளத்தைத் தொட்டு, குளத்துக்குள்ளேயும் இருந்தது. அக்காவின் வாய் லேசாகத் திறந்திருந்தது.

"ஏ புள்ள, வானம் தரை வரைக்கும் வருதா?"

"வருதுக்கா."

"எப்பவுமேவா?"

"எப்பவுமேதான். நாமதான் பாக்கல."

கரையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கண்ணால் அளந்தாள். பிறகு, "இம்புட்டுப் பெரிய எடத்த யாருடி கூட்டுறது?" என்றாள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

வெயில் தாழ்ந்தபோது அக்கரைப் புதரில் ஒரு அசைவு. முதலில் பாறை என்று நினைத்தோம். பாறை நடந்தது. அதன் பின்னால் இன்னொன்று, பிறகு ஒரு கூட்டமே. பெரியவற்றின் கால்களுக்கு நடுவே ஒரு குட்டி. அத்தனை பெரிய உடம்புகள், சத்தமே இல்லை. தண்ணீரில் இறங்கி, துதிக்கையால் வாரித் தங்கள் மேலேயே ஊற்றிக்கொண்டன. சிந்திய தண்ணீர் பொன்னாக மின்னியது. குட்டி தாயின் வயிற்றுக்கடியில் புகுந்து மறுபக்கம் வந்தது. எங்கள் வீட்டுக்காரர் போனை எடுத்தார், அதைப் பிடிக்க மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். பயமும் சந்தோஷமும் சேர்ந்து என் உடம்பு சிலிர்த்தது. இந்த உலகத்தில் எத்தனையோ சாயங்காலம் இப்படி நடந்திருக்கிறது, அப்போதெல்லாம் நாங்கள் பானை தேய்த்துக்கொண்டிருந்திருக்கிறோம்!

அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் கைகள் மடியில் மல்லாந்து கிடந்தன. கத்தி பிடித்துக் காய்த்துப்போன கைகள். கீரை இல்லை, வெங்காயம் இல்லை, பொத்தான் இல்லை. வெறும் கைகள். யானைகளைவிட அந்தக் கைகளைத்தான் நான் அதிகநேரம் பார்த்தேன்.

இலைப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டோம். அம்மிச் சம்பல் இல்லை என்று யாரும் சொல்லவில்லை.

காலையில் குளத்தின் மேல் பனி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. வெள்ளைக் கொக்குகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. அக்கா எங்களுக்கு முன்பே எழுந்து நாற்காலியில் இருந்தாள். நான் எழுந்து ஊற்றிக் கொடுத்த ஒரு கோப்பைத் தேநீரைக் குடித்து முடித்திருந்தாள். திட்டப்படி வீட்டுக்குக் கிளம்ப வேண்டும். கிளம்புவதற்கும் பெரிய வேலை ஒன்றும் இல்லை. அவர் குனிந்து சக்கரத்துக்கு அடை கொடுத்த கட்டையில் கை வைத்தார்.

"தம்பி, கட்டைய எடுக்காதீங்க."

அவர் நிமிர்ந்தார்.

"சாயங்காலம் அதுங்க திரும்ப வருமில்ல? இன்னொரு நாள் இருப்போம்." சொல்லிவிட்டு, அக்கரையிலிருந்து கண்ணை எடுக்காமலே காலிக் கோப்பையை என் பக்கம் நீட்டினாள். "இன்னும் கொஞ்சம் டீ ஊத்து புள்ள."

எனக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அக்கா தனக்கென்று என்னிடம் ஒன்றைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் கோப்பையை வாங்கிக்கொண்டு அடுப்பைப் பற்றவைத்தேன்.