கிணற்றுத் தண்ணீரில் வந்த ஊதா

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அல்லிநகரத்தில் நான் வேலை பார்க்கும் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு வருகிறவர்களில் என்னிடம் திட்டு வாங்காமல் போனவர்கள் குறைவு. பாட்டிலைக் கழுவினீர்களா, மூடியைக் கழுவினீர்களா என்று குடைந்தெடுப்பேன்.

அனுமந்தன்பட்டியிலிருந்து வந்த அக்கா பாட்டிலைப் பளபளவென்று கழுவிக் கொண்டுவந்திருந்தார். திராட்சைத் தோட்டத்துக் கிணற்றுத் தண்ணீர். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், குடிக்கக் கொடுக்கலாமா என்று தெரிய வேண்டும். கண்ணாடிக் குழாயில் ஊற்றி, பொடியைப் போட்டுக் குலுக்கினேன். தண்ணீரில் செம்பு இருந்தால் ஊதா வரும். செம்பு கூடக்கூட நிறமும் கூடும். நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி வந்தது.

"இதையா புள்ளத்தாச்சிக்குக் குடுக்கப் போறீங்க? தொடாதீங்க" என்றேன்.

பத்து நாள் கழித்து இன்னொரு பாட்டிலோடு வந்தார். மறுபடியும் ஊதா. அக்கா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"சம்பந்தியம்மா வந்து மகளக் கூட்டிட்டுப் போயிட்டாக மேடம். இந்தத் தண்ணி குடிக்கிற வீட்டுல பேறுகாலம் வேணாமுன்னு சொல்லிட்டாக. எம் புருசன்தான் கெணத்தடியில மருந்தக் கலக்கிக் கெடுத்துப்புட்டாருன்னு நான் அவருகூடப் பேச்சையே விட்டுட்டேன்."

எனக்கு மனசு கேட்கவில்லை. மறுநாள் பெட்டியோடு பஸ் ஏறி அவர் தோட்டத்துக்கே போனேன். வாளியில் இறைத்த தண்ணீரைப் பாட்டிலில் ஊற்ற, அக்கா மோட்டார் ரூமிலிருந்து ஒரு பிளாஸ்டிக் மக்கை எடுத்து வந்தார். உள்பக்கமெல்லாம் நீலம் படிந்திருந்தது. திராட்சைக் கொடிக்கு அடிக்க மயில்துத்தம் கரைக்கிற மக். மயில்துத்தத்தில் இருப்பதே செம்புதான்.

"இதுலதான் அன்னைக்கும் தண்ணி மோந்தீங்களா?"

"ஆமா, கழுவிட்டுத்தான் மோந்தேன். நீங்க பாட்டிலத்தானே கேட்டீக."

என் பாட்டிலைக் கயிற்றில் கட்டி நேரே கிணற்றுக்குள் இறக்கினேன். பொடியைப் போட்டுக் குலுக்கி, பொறுத்துப் பார்த்தேன். நிறமே வரவில்லை.

கத்தத்தான் வாய் வந்தது. ஆனால் எங்கள் படிவத்தில் 'எதில் மொண்டது' என்று ஒரு கட்டம் உண்டு. எல்லோருக்கும் எழுதுவதுபோல, 'சுத்தமான பாத்திரம்' என்று இரண்டு தடவையும் கேட்காமல் எழுதியவள் நான். வெட்கமாகப் போயிற்று.

அக்கா போனில் நம்பரை அழுத்தி என்னிடம் நீட்டினார். "சம்பந்தியம்மாகிட்ட நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா நம்ப மாட்டாக."

"தண்ணி நல்ல தண்ணிம்மா. தப்பு எம்மேலதான், கேக்காம எழுதிட்டேன்" என்றேன்.

சம்பந்தியம்மா என்னை மேலே பேச விடவில்லை.

"அது கெடக்கட்டும் தாயி. இப்பத்தான் வலி எடுத்து கம்பம் ஆஸ்பத்திரிக்கு வந்துருக்கோம். ஆத்தா எங்க, ஆத்தா எங்கன்னு அழுகுறா. அவுகள ஒடனே வரச் சொல்லு."

நான் சொன்னதும் அக்கா பந்தலுக்குள் நின்ற புருசனைப் பார்த்துத் திரும்பினார்.

"கெணத்துல ஒண்ணுமில்லயாம். வண்டிய எடுங்க, மக வலியில கெடக்கா."