திரும்பப் பெறாத கேள்வி

சட்டசபை கூடும் மாதங்களில் செக்ரட்டேரியட்டில் எங்கள் பிரிவில் மற்றக் கோப்புகளை யாரும் தொட மாட்டார்கள். உறுப்பினர்கள் மந்திரிகளிடம் கேட்கும் கேள்விகள் காலையிலேயே வந்துவிடும். அவற்றை நாங்கள் இன்டர்பெல்லேஷன் என்போம். சபையில் எழுந்து பதில் வாசிப்பவர் மந்திரி. அதை முந்தின வாரமே எழுதி வைத்தவன் என்னைப் போன்ற ஒரு செக்‌ஷன் ஆபீசர்.

கேள்விகள் பெரும்பாலும் ஏ, பி, சி என்று பகுதிகளாக இருக்கும். முதல் பகுதி இப்படியொரு குறை இருப்பது அரசின் கவனத்துக்கு வந்திருக்கிறதா என்று கேட்கும். அடுத்தவை, வந்திருந்தால் என்ன செய்தீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள், எப்போது முடியும் என்று தொடரும். முதல் பகுதிக்கு 'இல்லை' என்று எழுத முடிந்தால் மற்ற எல்லாவற்றுக்கும் சேர்த்து மலையாளத்தில் 'உத்பவிக்குந்நில்ல', அதாவது அந்தக் கேள்விகளே எழவில்லை, என்று எழுதிவிட்டு வீட்டுக்குப் போகலாம். புதிதாகச் சேர்ந்த எழுத்தர்களுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். அந்த 'இல்லை'யை எங்கே வைப்பது என்று எனக்குத் தெரியும் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

இன்னொரு வழக்கமும் உண்டு. கேள்வி வந்ததும் கீழ் அலுவலகத்திடம் அறிக்கை கேட்போம். தொலைபேசியில், "பதில் 'இல்லை'ன்னுதான் போகும், நாளைக்கு அது உண்மையா இருக்கணும்" என்று சொன்னால் போதும். சபைக்குத் தவறான தகவல் கொடுத்தால் மந்திரிக்குக் கெட்ட பெயர், எங்களுக்கு விளக்கக் கடிதம். அதனால் பதிலை உண்மைக்கு ஏற்ப மாற்றாமல், உண்மையைப் பதிலுக்கு ஏற்ப மாற்றிவிடுவார்கள். பழுதான குழாய் ஒரே இரவில் சரியாகும். மருந்தில்லாத ஆஸ்பத்திரிக்கு மருந்து வரும். ஓய்வுக்குப் பிறகு இந்த மாதிரி நல்ல உதாரணங்களை மட்டும்தான் நான் ஆட்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய எங்கள் ஊரில் என் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு பெண் இருக்கிறாள். தமிழில் பட்டம் பெற்றவள், கணவன் ஆட்டோ ஓட்டுகிறான். எங்கள் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் தமிழ் ஆசிரியர் ஓய்வு பெற்றபின் புதிதாக யாரும் வரவில்லை. வகுப்பு நின்றுவிடக் கூடாதென்று தலைமையாசிரியர் இவளைக் கூப்பிட்டு வைத்துக்கொண்டார். ஆசிரியர் தகுதித் தேர்வில் அவள் இன்னும் தேறவில்லை, ஆகவே முறையான உத்தரவு எதுவும் கிடையாது. பெற்றோர் சங்கம் ஏதோ கொடுத்துவந்தது. தமிழ் வகுப்பில் இருந்த பிள்ளைகள் கொஞ்சம் பேர்தான். அந்த வருமானமும் அந்த வகுப்பும் அவளுக்கு எவ்வளவு முக்கியம் என்று எங்கள் தெருவுக்கே தெரியும்.

ஒருநாள் காலை என் வீட்டுக்கு வந்தாள்.

"மாமா, நீங்க செக்ரட்டேரியட்டுல இருந்தவியதானே. ஒரு எம்.எல்.ஏ.வக் கொண்டு சபையில கேக்க வச்சா போஸ்ட் வருமாம், எச்.எம். சொல்லுகாரு."

"வைக்கலாம். ஆனா கேக்கதுக்கு ஒரு முறை உண்டு."

"அது உங்களுக்குத் தெரியும். எனக்க காரியம் மட்டும் அதுல வராண்டாம், கேட்டியளா? போஸ்ட் வேணும்னு கேட்டாப் போரும்."

"ஒனக்க பேரு வராது மக்கா."

"பேரு மட்டுமில்ல மாமா. நான் அங்க நிக்கதே வராண்டாம்."

என் மனைவி உள்ளேயிருந்து, "அவ சொல்லுகத அப்பிடியே எழுதிக் குடுங்க. உங்களுக்க வித்தையெல்லாம் இதுல காட்டாண்டாம்" என்றாள். மூவரும் சிரித்தோம்.

முதலில் அவள் சொன்னபடியே எழுதினேன். மலையாளத்தில்தான் எழுத வேண்டும், அதில் எனக்குச் சிரமமில்லை. எல்லைப் பகுதிப் பள்ளிகளில் காலியாக உள்ள தமிழ் ஆசிரியர் பணியிடங்களை நிரப்ப நடவடிக்கை எடுக்கப்படுமா? எழுதி முடித்து வாசித்தபோது இதற்கு நானாக இருந்தால் என்ன பதில் எழுதுவேன் என்று தெரிந்தது. 'பரிகணனையில் உண்டு.' பரிசீலனையில் இருக்கிறது. ஒரே வரி. அப்படியொரு வரி வந்தால் அந்தக் கேள்வி செத்தது.

தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதினேன். நிரந்தர ஆசிரியர் இல்லாத பள்ளிகளில் இப்போது தமிழ் கற்பிப்பவர் யார், எந்த உத்தரவின்படி, ஊதியம் கொடுப்பது யார் என்பதை முதல் பகுதிகளாக வைத்தேன். பணியிடத்தை நிரப்புவதைக் கடைசிக்குத் தள்ளினேன். இப்படிக் கேட்டால் உத்தரவில்லாமல் ஆட்களை வைத்துத்தான் வகுப்பு நடக்கிறது என்று மந்திரி ஒப்புக்கொள்ள வேண்டிவரும். ஒப்புக்கொண்டபின் பணியிடம் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. அப்படித்தான் கணக்குப் போட்டேன். எழுதும்போது உற்சாகமாக இருந்தது. அவள் வேண்டாம் என்று சொன்னதைத்தான் முதல் வரியில் வைத்திருக்கிறேன் என்பதும் தெரிந்தேயிருந்தது.

முன்பு என் பிரிவில் வேலை பார்த்த ஒருவன் இப்போது வேறு மாவட்டத்து உறுப்பினர் ஒருவரின் பி.ஏ. நெய்யாற்றின்கரைக்காரன், தமிழ் நன்றாகப் பேசுவான். அவனுக்கு அனுப்பினேன். அன்றே கூப்பிட்டான்.

"சாரே, ரிட்டயர் ஆயிட்டும் கை அடங்கல்லியா? பாவம், இதுக்குப் பதில் எழுதப்போறவன்."

"உங்க ஆளு கேப்பாரா?"

"கேப்பாரு. நட்சத்திரக் கேள்வியா விழுந்துதுன்னா ஜோரா கேப்பாரு. கொரலு உண்டு, விஷயம்தான் நாம குடுக்கணும்."

நட்சத்திரக் கேள்விக்கு மந்திரி சபையில் வாயால் பதில் சொல்ல வேண்டும், அதன்மேல் துணைக் கேள்விகளும் கேட்கலாம். மற்றவற்றுக்கு எழுத்தில் பதில் வரும், யாரும் படிக்க மாட்டார்கள். குலுக்கலில் எங்கள் கேள்வி நட்சத்திரக் கேள்வியாகவே விழுந்தது. வரிசையிலும் முன்னால் இருந்தது. வாசகசாலையில் இரண்டு பேரிடம் சொன்னேன். "எலே, அப்ப மந்திரிய நீயாக்கும் எழுப்பி நிறுத்தப்போற" என்றான் என்னோடு படித்தவன் ஒருவன். நான் மறுக்கவில்லை.

சில நாட்களில் அவள் பள்ளி நேரத்தில் வந்து நின்றாள். சேலை மாற்றவில்லை, கையில் குடை.

"மாமா, ஏ.இ.ஓ. ஆபீசுல இருந்து மெயில் வந்துது. தமிழ் படிப்பிக்கது ஆரு, ஆர்டர் எங்கன்னு உச்சைக்கு முன்ன எழுதிக் குடுக்கணுமாம். உள்ளத எழுதினா எச்.எம்.முக்கு மெமோ வரும். அதுனால இன்னைக்கே நான் இல்லாம ஆவணும்னு சொல்லிட்டாரு."

உட்காரச் சொன்னேன். அவள் நின்றபடியே தொடர்ந்தாள்.

"அவரு சங்கடப்பட்டுதான் சொன்னாரு. கேள்விய எடுத்துட்டா, கொஞ்ச நாளு கழிச்சுப் பழையபடி வரலாமாம். எடுக்க ஒக்குமா மாமா?"

எடுக்க முடியும். கேட்ட உறுப்பினர் சபை நாளுக்கு முன் எழுதிக் கொடுத்தால் கேள்வியைத் திரும்பப் பெறலாம். நான் பி.ஏ.யிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அவன் அரைமணி நேரத்தில் செய்து முடிப்பான்.

"பாக்கேன்" என்றேன்.

அவள் போனபின் தொலைபேசியைக் கையில் எடுத்தேன், வைத்துவிட்டேன். இரண்டு வாரம் பொறுத்தால் நிரந்தரப் பணியிடமே வந்துவிடும், அப்போது அவளும் தேர்வு எழுதி முறையாக வரலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. வாழ்நாள் முழுக்கப் பதில் எழுதியவனுக்கு ஒரு கேள்வி சபையில் எழப்போகிறது. அதை விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

மறுநாள் பால் வாங்கப் போன இடத்தில் பார்த்தாள்.

"பேசினியளா?"

"பேசினேன். லிஸ்டு அச்சடிச்சாச்சாம். இனி எடுக்க ஒக்காது."

"பரவால்ல மாமா. உங்களால ஆனதச் செஞ்சியள்."

சபை நாளன்று கைப்பேசியில் நேரலை பார்த்தேன். மந்திரி எழுந்து, முன்னால் இருந்த தாளை நிதானமாக வாசித்தார். ஏ, அப்படி உத்தரவில்லாமல் கற்பிப்பவர் யாரும் இல்லை. பி, சி, உத்பவிக்குந்நில்ல. டி, பரிகணனையில் உண்டு. உறுப்பினருக்குக் குரல் இருந்தது உண்மைதான். நான் எழுதி அனுப்பியிருந்த துணைக் கேள்வியை, அப்படியானால் அந்தப் பிள்ளைகளுக்கு யார் கற்பிக்கிறார்கள் என்பதை, சபை அதிரக் கேட்டார். அதிகாரிகளின் இருக்கையிலிருந்து ஒரு துண்டுத் தாள் மந்திரியின் கைக்குப் போனது. பக்கத்துப் பள்ளி ஆசிரியர் வாரத்தில் சில நாள் வந்து வகுப்பெடுக்க ஏற்பாடு செய்திருப்பதாகச் சொன்னார். சபாநாயகர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.

நல்ல பதில். நான் பணியில் இருந்திருந்தால் எழுதியவனைக் கூப்பிட்டுப் பாராட்டியிருப்பேன். அதில் ஒரு பொய்கூட இல்லை. அவள் அப்போது பள்ளியில் இல்லை.

சில நாள் கழித்துத் தலைமையாசிரியரைப் போய்ப் பார்த்தேன். மறுபடி அவளைக் கூப்பிட முடியுமா என்று கேட்டேன். அவர் கதவைச் சாத்திவிட்டுத் தணிந்த குரலில் பேசினார்.

"சாரே, ஆளு இல்லேன்னு சபையில சொல்லியாச்சு. இனி அந்தப் பிள்ளைய கிளாசுல நிறுத்தினா மந்திரி பொய் சொன்னதுபோல ஆவும். அவகாச லங்கனம்னு ஒருத்தன் எழும்பினா எனக்க ஜோலி போச்சு. இதெல்லாம் நான் உங்களுக்குச் சொல்லித் தரணுமா?"

அவகாச லங்கனம் என்பது சபை உரிமை மீறல். அவர் சொல்லித் தர வேண்டியதில்லை. முன்பு யாரும் கேட்காததால் அவள் அங்கே இருக்க முடிந்தது. நான் கேட்க வைத்து, இல்லை என்று பதிய வைத்துவிட்டேன். பக்கத்துப் பள்ளி ஆசிரியர் சில வாரம் வந்தார், பிறகு வரவில்லை. இரண்டு பிள்ளைகளைப் பெற்றோர் மலையாள வகுப்புக்கு மாற்றிவிட்டார்கள்.

பள்ளியை விட்டதிலிருந்தே அவள் பனச்சமூட்டில் ஒரு துணிக்கடைக்குப் போகிறாள். அவளுடைய கணவன் இப்போதும் என்னைப் பார்த்தால் ஆட்டோவை நிறுத்தி, "ஏறுங்க மாமா" என்கிறான். அதைத் தாங்க முடியாமல்தான் ஒரு சாயங்காலம் பனச்சமூடு பஸ் ஸ்டாப்பில் அவளிடம் போய்ச் சொன்னேன்.

"அன்னைக்கு நான் பி.ஏ.க்குப் போன் செய்யல்ல."

அவளுக்கு உடனே புரியவில்லை. "என்னைக்கு?"

"கேள்விய எடுக்கச் சொன்னேல்லா. லிஸ்டு அச்சடிச்சாச்சுன்னு சொன்னது பொய்யாக்கும். நேரம் இருந்துது."

"எதுக்கு மாமா?"

"அது சபையில வரணும்னு எனக்கு இருந்துது."

தமிழ்நாட்டுப் பஸ் ஒன்று வந்து நின்று போனது. அவள் போக வேண்டிய பஸ் அதுவல்ல.

"சபையில பதில் சொன்ன அன்னைக்குக் கடையில வச்சு நானும் பாத்தேன்" என்றாள். "அப்பிடி ஆருமே இல்லேன்னு மினிஸ்டர் சொன்னாரு. கூட நின்ன பிள்ளையளு சிரிச்சிதுவ, ஒன்ன இல்லேன்னு சொல்லுகாருடின்னு. நானும் சிரிச்சேன். மாமா என்ன செய்வாரு பாவம்னு நெனச்சேன்."

மன்னிப்புக் கேட்டேன் என்றுதான் நினைக்கிறேன். பஸ் இரைச்சலில் அவளுக்குக் கேட்டதா என்று தெரியாது.

"டெஸ்டு எழுதப்போறேன்" என்றாள். "ஜெயிச்சா நேரா வருவேன், இல்லேன்னா இந்தக் கடை. இனி எனக்காக ஒண்ணும் எழுதாண்டாம், கேட்டியளா?"

சரி என்றேன். அவளுடைய பஸ் வந்தது, ஏறிப் போனாள்.

அதன்பிறகு அவளைப் பற்றி எதுவும் எழுதவில்லை, இதைத் தவிர. இதற்கும் முதலில் அனுமதி கேட்டேன். பெயரும் பள்ளியும் தெரியக் கூடாது என்றாள். எழுதியதை வாசித்துக் காட்டியபோது, தன் வீட்டு நிலைமையைப் பற்றி நான் எழுதியிருந்த ஒரு பத்தியை எடுத்துவிடச் சொன்னாள். அந்தப் பத்தி நன்றாக வந்திருந்தது. அவள் முன்னாலேயே அடித்துவிட்டேன்.