குறியீடு நான்கு: விருப்பமின்மை

1. படிவம்

பல்கலைக்கழகத்துக்குத் தெரிவாகியும் போகாத பிள்ளைகளை எண்ணும் வேலை என் மேசைக்கு வந்தபோது, கல்வி அலுவலகமொன்றின் திட்டமிடல் பிரிவில் எனக்குப் பத்து வருட அனுபவம் இருந்தது. அனுபவம் என்று நான்தான் சொல்லிக்கொண்டேன்.

ஒரு பிள்ளைக்கு ஒரு வரி. கடைசிக் கட்டத்தில் போகாத காரணத்தைக் குறியீடாகப் போடவேண்டும். ஒன்று வறுமை, இரண்டு திருமணம், மூன்று வெளிநாடு, நான்கு விருப்பமின்மை. கட்டம் வெறுமையாக இருந்தால் எக்செல் சிவப்பு காட்டும். எங்கள் பணிப்பாளருக்குச் சிவப்பு ஆகாது.

“தம்பி, நாளைக்கு மத்தியானத்துக்குள்ள அனுப்போணும். ஒரு கட்டத்தையும் வெறுமையா விட்டிடாதேங்கோ.”

விண்ணப்பங்களில் இருந்த எண்களுக்கெல்லாம் அழைத்தேன். ஜெயபுரத்து மேனகா கலைப்பீடத்துக்குத் தெரிவானவள், பதிவு செய்யவில்லை. அவளுடைய எண் வேலை செய்யவில்லை. இரண்டு தரம் அழைத்துவிட்டு நான்கு போட்டேன். சிவப்பு போய்விட்டது. அறிக்கை நேரத்துக்குப் போனதற்குப் பாராட்டுக் கிடைத்தது. வெட்கமில்லாமல் வாங்கிக்கொண்டேன்.

2. சந்திக் கடை

மூன்று கிழமை கழித்து மேனகா தகப்பனோடு வந்தாள். கடிதம் எதுவும் வராததால் தனக்கு இடம் கிடைக்கவில்லை என்றே நினைத்திருந்தாள். உயர்தரப் பரீட்சையை மூன்றாம் தரம் எழுதுவதற்கு என்ன செய்யவேண்டும் என்று கேட்கத்தான் வந்திருந்தாள்.

“பிள்ளை, உமக்குக் கிடைச்சது. பதியிற காலமும் முடிஞ்சுது. ஈமெயில் பாக்கேல்லையே?”

“எனக்கு ஈமெயில் இல்லை சேர். சந்தியில கொமினிக்கேசன் கடை அண்ணைதான் விண்ணப்பம் போட்டவர்.”

எங்கள் பக்கத்தில் அதுதான் வழக்கம். கடைக்காரர் தன் ஈமெயிலையும் தன் தொலைபேசி எண்ணையும் போட்டுவிடுவார். பதில் வந்தால் ஆளனுப்பிச் சொல்லுவார். இந்த முறை பதில் வருவதற்குள் அவர் கடையைப் பூட்டிவிட்டுக் கட்டாருக்குப் போய்விட்டார்.

தகப்பன் மலையகத்திலிருந்து வந்து குடியேறியவர். கதிரையில் உட்காரவில்லை. “புள்ள தெனமும் தபால்காரரு வர்ற வழியிலதாங்க நின்னுச்சு,” என்றார்.

மேனகா என் திரையில் தன் பெயருக்கு நேரே இருந்ததை வாசித்தாள்.

“நான் விருப்பமில்லையெண்டு ஆருக்கு சேர் சொன்னனான்?”

தேத்தண்ணி குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்கள்.

3. மேன்முறையீடு

அன்றைக்கே மேன்முறையீட்டுக் கடிதம் எழுதி அனுப்பினேன். சில நாளில் அனுமதிப் பிரிவிலிருந்து ஓர் அதிகாரி அழைத்தார்.

“விருப்பமில்லையெண்டு உங்கட அறிக்கைதானே சொல்லுது. இப்ப விருப்பமெண்டுறியள். எது சரி?”

“நான் பிள்ளையைக் கேக்கேல்ல, சேர்.”

“அப்ப என்னெண்டு எழுதினனீங்கள்?”

எக்செல் சிவப்பைப் பற்றிச் சொன்னேன். அவர் சொன்னார்: அந்த இடத்தைப் பிந்திப் பதிபவர்களுக்காக வெறுமையாகவே வைத்திருந்தார்களாம். என் அறிக்கையைப் பார்த்த பிறகுதான் அடுத்த பிள்ளைக்குக் கொடுத்தார்களாம்.

மேனகா மூன்றாம் தரமும் எழுதினாள். வெட்டுப்புள்ளிக்குச் சற்றுக் கீழே நின்றுவிட்டாள். இப்போது முன்பள்ளியில் படிப்பிக்கிறாள். அவள் தெரிவான வருடத்து அறிக்கையில் அவள் அனுமதி கிடைத்தவர்களில் ஒருத்தி. பதிவு செய்யாததால் இடைவிலகியவர்களில் இல்லை. எங்கள் அனுமதி வீதம், இடைவிலகல் வீதம் இரண்டும் நன்றாகவே இருந்தன.

அதன்பின் ஓய்வுபெறும் வரைக்கும், நேரில் கேட்காத பிள்ளையின் கட்டத்தைச் சிவப்பாகவே அனுப்பினேன். பணிப்பாளர் ஏசினார், கேட்டுக்கொண்டேன். புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: தொலைபேசி வேலை செய்யாவிட்டால் நேரே போங்கள். எங்கள் அலுவலகத்திலிருந்து ஜெயபுரத்துக்கு மோட்டார் சைக்கிளில் ஒரு மணித்தியாலம்கூட ஆகாது. அது எனக்குத் தெரியவந்தது, மேன்முறையீட்டை மறுத்து வந்த கடிதத்தை மேனகாவிடம் கொடுக்கப் போன அன்றுதான்.