கத்தரிக்குப் போட்ட நாற்காலி

நான் நாலாம் வகுப்பைத் தாண்டாதவன். ஆனால் அட்டைப்பெட்டித் தொழிலில் என்னைத் தாண்டிப் போனவன் எவனும் இல்லை. ஆளைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன். அப்படி எடை போட்டு எடுத்தவள்தான் எங்கள் மனிதவள அதிகாரி. ஆலையில் அவளுக்கு வைத்த பெயர் ‘கத்தரி’. அவள் கூப்பிட்டாலே சீட்டுக் கிழிந்தது என்று அர்த்தம் பண்ணிக்கொள்வார்கள்.

சாப்பாட்டுக் கூடத்தில் அவள் வந்து உட்கார்ந்தால் பெஞ்சு காலியாகும். ஒருத்திக்குக் கை கழுவணும், இன்னொருத்திக்குப் போன் வந்துவிடும். புருஷன் போய்ச் சேர்ந்தாச்சு, மகள் கல்யாணமாகி வெளியூர். வீட்டிலும் ஒற்றைத் தட்டு, இங்கேயும் ஒற்றைத் தட்டு.

போன வருஷம், தானாகப் பசை ஒட்டும் இயந்திரம் வாங்கக் கூட்டம் போட்டேன். பசைப் பிரிவுப் பெண்களை அனுப்பிவிடலாம் என்றான், கணக்கு வழக்கு பார்க்கும் என் மச்சான். முடிவெடுத்த பிறகு கடிதம் அடிக்கத்தான் அவளைக் கூப்பிடுவது வழக்கம். அன்று அவளே வந்து கதவோரம் நின்றாள். நாற்காலி போடச் சொன்னேன். அந்தப் பெருந்தன்மை எனக்கு எப்போதும் உண்டு.

மச்சான் சிரித்தான். “மெஷின் வாங்குற இடத்துல உங்களுக்கு என்ன மேடம் வேலை?”

“அதை ஓட்டப்போறது யாரு சார்?” என்றாள். பிறகு என் பக்கம் திரும்பினாள். “வெளியாளை எடுத்தா, பழகினதும் எதிர்க் கம்பெனிக்கு ஓடிருவான். இவங்க எங்கேயும் போனதில்லை. ஈரத்துல அட்டை எப்படி வளையும்னு இவங்க விரலுக்குத் தெரியும். முதல்ல ஆளை முடிவு பண்ணுங்க ஐயா, அப்புறம் மெஷினை.”

யோசிக்கிறேன் என்றேன். மழைக்காலம் முழுக்க யோசித்தேன். ஆழம் தெரியாமல் காலை விடுகிறவன் இல்லை நான்.

அதற்குள் சேதி கசிந்துவிட்டது. பசைப் பிரிவு மேஸ்திரி அம்மா ஒருத்திதான் ஆலை பஸ்ஸில் இவள் பக்கத்தில் உட்காருவாள். அவளும் இடம் மாறினாள். போகும்போது, “கத்தரி கடைசியில எங்க கழுத்துக்கே வந்துருச்சு” என்று எல்லார் காதிலும் விழச் சொன்னாளாம். இவள் வாயே திறக்கவில்லை. முடிவாகாத விஷயத்தில் ஆசை காட்டத் தனக்கு உரிமையில்லை என்றாள் என்னிடம்.

அந்தப் பெண்களுக்கே பயிற்சி கொடுப்பது என்று முடிவெடுத்தேன். திரண்டு வந்து என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்கள். வாங்கிக்கொண்டேன், முடிவு என்னுடையதுதானே. இன்றைக்கு எங்கள் பெட்டிக்குப் பக்கத்தில் எவன் பெட்டியும் நிற்காது.

“யோசனை உன்னுதுன்னு சொல்லிடவாம்மா?” என்று அவளைக் கேட்டேன்.

“வேண்டாங்க ஐயா. இன்னிக்கு நான் காப்பாத்தினேன்னு தெரிஞ்சா, நாளைக்கு யாரையாவது அனுப்புறப்போ நான் கைவிட்டதா ஆயிடும்.”

கூட்ட அறையில் அந்த நாற்காலி என் இடப்பக்கம் நிரந்தரமாகிவிட்டது. மேஸ்திரி அம்மா மட்டும் பஸ்ஸில் பழைய இடத்துக்கு வரவில்லை.

மத்தியானம் மாடி அறைக் கண்ணாடி வழியாகக் கூடத்தைப் பார்ப்பேன். இறங்கிப் போய் அவளோடு உட்காரலாம்தான். முதலாளி வந்தால் கூடத்தில் மிச்சமிருக்கிற ஆட்களும் எழுந்துவிடுவார்கள். அவள் டப்பாவைத் திறக்கிறாள். மேலே நானும் என்னுடையதைத் திறக்கிறேன்.