கல்மேல் வைத்த எலுமிச்சம்பழ சோறு

அமெரிக்காவில், மில்பிடாஸில் மகள் வீட்டு டிவி சும்மா கிடந்தால் போட்டோ ஓடும். ஜெர்மனியில் எடுத்த ஒரு கல்லின் படமும் அதில் வரும். வந்தால் நான் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மாப்பிள்ளைக்கு அங்கே பத்து நாள் ஆபீஸ் வேலை. மகளுக்கு அப்போது மூன்றாம் மாதம். தனியாக விட முடியாது என்று மூன்று பேரும் போனோம். ரைஸ் குக்கரையும் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

ரோமானியர் ஆண்ட ஊராம். லீவு நாளில் மாப்பிள்ளை சுற்றிக் காட்டினார். வட்டமாக ஒரு மைதானம். மனுஷனை மிருகத்திடம் விட்டுக் கொல்வார்களாம், ஊரே உட்கார்ந்து பார்க்குமாம். இப்போது அங்கே உட்கார்ந்து ஐஸ்கிரீம் நக்குகிறார்கள். அடுத்தது அந்தக் காலத்துக் கக்கூஸ். நடுவில் சுவர் இல்லை. நீளக் கல்லில் வரிசையாக ஓட்டை. கதை பேசிக்கொண்டே போவார்களாம். துடைக்க எல்லாருக்கும் ஒரே குச்சி, முனையில் கடற்பஞ்சு. சீ. அதையும் மாப்பிள்ளை போட்டோ எடுத்தார். மகள் ஓரமாகப் போய் வாந்தி எடுத்தாள்.

மூன்று நாளாக அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. எனக்கு அந்த ஒரு கவலைதான். ஊர் பார்க்கவா வந்தேன்.

மியூசியத் தோட்டத்தில் மேசை மாதிரி ஒரு கல், நல்ல நிழல். துண்டை விரித்து எலுமிச்சம்பழ சோற்றைத் திறந்தேன். மகள் வாயில் வைத்தாள். இரண்டு வாய். நாலு வாய்.

மாப்பிள்ளை டிக்கெட்டோடு வந்தார். ஓரத்தில் இருந்த போர்டைப் படித்தார்.

“அத்தை, இது சவப்பெட்டி. கல்லுல செஞ்சது. புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேரையும் இதுலதான் வச்சிருந்தாங்களாம்.”

கையைக் கல்லிலிருந்து எடுத்துக்கொண்டேன். சாவு வீட்டுப் பக்கமே பிள்ளைத்தாய்ச்சியை விடமாட்டோம். நான் பிணப்பெட்டி மேல் பந்தி போட்டிருக்கிறேன்.

“எந்திரிடி. போய்த் தலை முழுகணும்.”

அவள் அசையவில்லை. “உள்ள யாரும் இல்லம்மா. காலி பண்ணிட்டுப் போய் எத்தனையோ காலம் ஆச்சு. இன்னும் கொஞ்சம் வை.”

“மாப்பிள்ளை, நீங்களாவது சொல்லுங்க.”

“நான் வாயத் திறந்தா எனக்குச் சோறு கிடையாதுன்னுடுவா, அத்தை.”

கல்லைப் பார்க்காமல் டப்பாவை வழித்து வைத்தேன். முழுக்கச் சாப்பிட்டாள். ரொம்ப நேரம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வாந்தி வரவில்லை.

ரூமுக்கு வந்து தலை முழுகினேன். அவளையும் முழுகவைத்தேன். துண்டைக் குப்பையில் போட்டேன். டப்பாவையும் போட்டிருப்பேன். வேறு டப்பா இல்லை. மூன்று தரம் தேய்த்துக் கழுவி, மறுநாளும் அதில்தான் எலுமிச்சம்பழ சோறு கட்டினேன்.