நைலான் சேலையும் நாற்பது பூச்சட்டியும்

நான்காம் வகுப்பு படிக்கும்போது, எங்கள் அப்பா சினிமாவில் வரப்போகிறார் என்று பள்ளிக்கூடம் முழுக்கச் சொல்லித் திரிந்தேன். முழுப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அவர் கொளுத்திய நெருப்பு சினிமாவில் வந்தது. என்னைக் கேட்டால், கதாநாயகனைவிட நன்றாகவே நடித்தது.

அப்பா சிவகாசியில் ஒரு பட்டாசு கம்பெனியில் போர்மேன். அம்மாவுக்கும் அங்கேதான் வேலை. காலையில் ஒரே வேனில் போய், வாசலில் பதித்திருக்கும் செப்புத் தகட்டைத் தொட்டுவிட்டு உள்ளே நுழைவார்கள். உடம்பில் ஒட்டியிருக்கும் கொஞ்சநஞ்ச மின்சாரமும் அதில் இறங்கிவிட வேண்டும். நைலான் உரசினாலே பொறி பறக்கும் என்பதால் பெண்களுக்குப் பருத்திச் சேலைதான். அப்பா இந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தார். ஜவுளிக்கடை வாசலில் காற்றில் ஆடும் நைலான் சேலைகளை அம்மா தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். அப்பா தொண்டையைச் செருமுவார். நாங்கள் நடையைக் கட்டுவோம்.

ஒரு தீபாவளி சீசன் முடிந்து ஓய்ந்திருந்த சமயம், ஆனைக்குட்டம் அணைப்பக்கம் காதல் பாட்டு எடுக்கச் சென்னையிலிருந்து ஆட்கள் வந்தார்கள். காதலர்களைச் சுற்றி நெருப்பு எழ வேண்டுமாம். அப்பாவைக் கூப்பிட்டார்கள். அம்மாவும் நானும் டிபனைக் கட்டிக்கொண்டு கூடவே போனோம். மற்ற ஊர்களில் புஸ்வாணம் என்று சொல்லும் பூச்சட்டிகள் நாற்பதை அவர் வட்டமாக அடுக்கி ஒரே திரியில் இணைத்தார். பிறகு கம்பெனி வழக்கப்படி எல்லோருடைய சட்டைப்பையையும் சோதித்தார். கதாநாயகனின் லைட்டர் எங்கள் டிபன் டப்பாவுக்குள் போனது. அப்பா கொண்டுபோயிருந்த செப்புத் தகட்டை ஏதோ எல்லைச்சாமி என்று நினைத்து, அந்த மனிதர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அந்தி நெருங்கும்போது கதாநாயகி வந்து நின்றார். மஞ்சள் நைலான் சேலை. அப்பா, திரி கொளுத்தக் கையில் வைத்திருந்த ஊதுபத்தியைக் கீழே வைத்துவிட்டார்.

"தாயி, இந்தச் சேலையோட வட்டத்துக்குள்ள போகாதீக. ஒரு பொறி பட்டாப் போதும், உருகி உடம்போட ஒட்டிக்கிடும்."

"அண்ணே, முந்தானை பறக்கணும், அதுக்குத்தான் இது. நெருப்பு தள்ளித்தானே இருக்கு?" என்றார் டைரக்டர்.

"தள்ளி, கிட்டங்கிறதெல்லாம் காத்துக்குத் தெரியாது தம்பி. நான் கொளுத்த மாட்டேன்."

"அப்ப வேற ஆளைக் கூப்பிட்டுக்கறேன்."

"கூப்பிடுங்க. இங்கன எவன் வந்தாலும் இதத்தான் சொல்லுவான்."

சொல்லிவிட்டு அப்பா திரியைச் சுருட்ட ஆரம்பித்தார். எனக்கு அழுகை முட்டியது. நாளைக்கு வகுப்பில் எந்த முகத்தோடு நிற்பேன்? ஓர் உயிரைவிட என் மானம் எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. மாற்றிக் கட்டப் பருத்திச் சேலை எதுவும் அவர்களிடம் இல்லை. வெளிச்சமும் இறங்கிக்கொண்டிருந்தது.

மரத்தடியில் என்னோடு இருந்த அம்மா எழுந்தாள். "ஏங்க, செத்த பொறுங்க" என்று சொல்லிவிட்டுக் கதாநாயகியை வண்டிக்குள் அழைத்துப் போனாள். திரும்பி வந்தபோது கதாநாயகி, அம்மாவின் சிவப்புச் சுங்குடிப் பருத்திச் சேலையில் இருந்தார். அம்மா மஞ்சள் நைலானில் இருந்தாள்.

கொளுத்தச் சொல்லி டைரக்டர் மூன்று முறை கத்தினார். அப்பாவுக்குக் கேட்கவில்லை. நெருப்பிலிருந்து கண்ணை எடுக்கக் கூடாது என்று ஊருக்கே பாடம் நடத்துகிறவர், மறுபடி எடுத்த ஊதுபத்தி விரலைச் சுடும்வரை அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏ புள்ள, நீ இன்னும் அங்கன தள்ளிப் போயி நில்லு" என்றார். குரல் என்னவோ போலிருந்தது. பயந்துவிட்டார் என்று நினைத்தேன். அம்மா சிரித்துக்கொண்டே இரண்டே இரண்டடி தள்ளி நின்றாள். பறந்த முந்தானையைப் பிடிக்கக்கூட இல்லை.

பிறகு கொளுத்தினார். நாற்பதும் ஒன்றாக எழுந்து, ஓர் ஆள் உயரத்துக்குப் பொன்னாக நின்று எரிந்தன. ஒரு பொறிகூட வட்டத்துக்குள் விழவில்லை.

படம் திருத்தங்கல் தியேட்டருக்கு வந்தபோது எங்கள் தெருவே போயிருந்தது. காதலர்களின் முகங்கள் நெருங்கியதும் கேமரா அவர்களை விட்டுவிட்டு நெருப்புக்குத் திரும்பியது. மற்ற ஊர்களில் காதலர்களுக்கு விசில் அடித்திருப்பார்கள். எங்கள் ஊரில் நெருப்புக்கு அடித்தார்கள். "ஏலே, புகையே இல்லலே! எம்புட்டுச் சுத்தமா நிக்குது பாரு!" என்று பின்னாலிருந்து ஒருவர் கத்தினார். நான் நாற்காலிமேல் ஏறி, "எங்க அப்பா நெருப்பு! எங்க அம்மா சேலை!" என்று அலறினேன். அப்பாவும் அம்மாவும் ஏனோ என்னைக் கீழே இறக்கவில்லை. இரண்டு பேரும் திரையைக்கூடப் பார்க்கவில்லை.

சுங்குடியைக் கதாநாயகி ஆசையாகக் கேட்டு வாங்கிக்கொண்டதால், நைலான் சேலை எங்கள் பீரோவுக்கு வந்துவிட்டது. அப்பா அதைத் தூக்கிப் போடச் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

சில ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அம்மா அதைக் கட்டிக்கொள்வாள். அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. அப்பாவே போய் சிலிண்டரை மூடி, இரண்டு முறை திருகிப் பார்த்துவிட்டு, எண்ணெய் புரோட்டா வாங்கி வருவார். பாதுகாப்பில் எங்கள் அப்பாவை அடித்துக்கொள்ள ஆளே கிடையாது என்று பெருமையோடு புரோட்டாவைப் பிய்த்துத் தின்பேன். சினிமாவில் காதலைக் காட்ட நெருப்பைக் கொளுத்துவார்கள், எங்கள் வீட்டில் அணைப்பார்கள் என்பது அப்போது எனக்குத் தெரியாது.