ஜெபமாலை நேரத்தில் கம்பி கடித்த எலி

நீங்கள் முட்டி போட்டு ஜெபமாலை சொல்லிக்கொண்டிருக்கும்போது பக்கத்திலேயே ஒருத்தர் உட்கார்ந்து இரும்பு அறுத்திருக்கிறாரா?

எங்கள் வீட்டில் அது தினமும் நடந்தது. அறுத்தது என்னுடைய ஹாம்ஸ்டர். உள்ளங்கையில் அடங்கும் சைஸ், பிஸ்கட் கலர், வால் இருக்கிறதா இல்லையா என்று தேடித்தான் பார்க்க வேண்டும். கோயம்புத்தூர் ஹாஸ்டலில் ரூம்மேட் வளர்த்தது. கோர்ஸ் முடிந்ததும் அவளுக்குப் பெங்களூரில் வேலை கிடைத்தது. எனக்குக் கிடைத்தது மூணாறு பக்கம், மாட்டுப்பட்டிக்கு மேலே தேயிலை எஸ்டேட் லயத்தில் அம்மா வீடு. அவள் தங்கப் போகிற இடத்தில் எலிக்கெல்லாம் அனுமதி இல்லையாம். "குடுடி, நான் பாத்துக்கறேன்" என்று பெரிய வள்ளல் மாதிரி கையை நீட்டிவிட்டேன். அதற்கு நானும் அவளும் பெயரே வைக்கவில்லை. அது வீட்டுக்கு வந்த அன்றைக்கே அம்மா வைத்துவிட்டாள்: எலி.

லயம் என்றால் ஒரே நீளக் கட்டடம், அதில் வரிசையாக ஆறு வீடு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகாது. அடுத்த வீட்டில் கருவாடு பொரித்தால் நமக்குப் பசிக்கும். அப்படிப்பட்ட இடத்தில் எலி சாயங்காலம் ஏழு மணிக்குக் கண்ணைத் திறக்கும். எங்கள் வீட்டில் ஏழு மணிக்குத்தான் ஜெபமாலை. நான், அம்மா, அப்பா மூன்று பேரும் முட்டி போட்டதும் அதுவும் கூண்டு மூலைக்குப் போய் ஒரு கம்பியைப் பல்லில் பிடித்துக்கொள்ளும். கரக் கரக் கரக். நாங்கள் "அருள் நிறைந்த மரியே" என்போம். அது கரக் என்னும்.

சுவருக்கு மேலாக அடுத்த வீட்டு அக்கா குரல் வரும். அம்மாவும் அவளும் ஒரே செட்டில் கொழுந்து எடுக்கிறவர்கள்.

"ஏ பிள்ள, ஒங்க வீட்ல யாரு ஆக்சா பிளேடு போடுதது?"

"எலிக்கா!"

"எலியா? பொறி வச்சுப் பிடிங்கட்டி!"

"பிடிச்சுத்தாங்க்கா வச்சிருக்கோம்!"

அம்மா என்னைப் பார்த்த பார்வையில் அந்த இடத்திலேயே இரண்டு பத்துமணி, அதாவது இருபது "மரியே", கூடுதலாகச் சொல்லியிருப்பேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்து அம்மா தீர்ப்பு சொன்னாள். அன்பியக் கூட்டம் என்று ஒன்று உண்டு. லயத்துக் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் வாரம் ஒரு வீட்டில் கூடி ஜெபம் சொல்வது. வரும் சனிக்கிழமை எங்கள் முறை.

"இருவது பேரு வருவாக. கோயில் உபதேசியாரும் வருவாரு. அன்னைக்கும் இது கம்பியக் கடிச்சதுன்னா, மாமா வண்டில ஏத்திப் போடிக்கு அனுப்பிருவேன். சொல்லிட்டேன்."

மாமா அம்மாவின் தம்பி. போடியிலிருந்து போடிமெட்டு வழியாக மூணாறுக்குக் காய்கறி கொண்டுவரும் பிக்கப் ஓட்டுகிறார். சனிக்கிழமை இரவு காலி வண்டியோடு திரும்புவார்.

"மாமா வீட்ல ரெண்டு பூனை இருக்கும்மா."

"அது பூனை பாடு, எலி பாடு."

அதாவது எனக்கு ஆறு நாள் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், பிரச்சினையை வளர்த்ததே நான்தான். அது கம்பியைக் கடிக்கும்போதெல்லாம் சத்தத்தை நிறுத்த ஒரு சூரியகாந்தி விதை கொடுப்பேன். வாங்கிக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு நிறுத்திவிடும். நானும் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். மூன்றாம் நாளே அதற்குக் கணக்கு புரிந்துவிட்டது. கம்பியைக் கடித்தால் ஆள் வரும், விதை வரும். டிகிரி முடித்த என்னை ஒரு எலி காலிங்பெல் அடித்துக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

திங்கட்கிழமை விதையை நிறுத்தினேன். அது இன்னும் பலமாக பெல் அடித்தது. கம்பியில் வேப்பெண்ணெய் தடவினேன். நக்கிவிட்டு, முகத்தைக் கழுவிவிட்டு, எண்ணெய் படாத அடுத்த கம்பிக்குப் போனது. செவ்வாய்க்கிழமை மருந்து அடிக்காத கொய்யா மரத்திலிருந்து குச்சி ஒடித்துக் கழுவிப் போட்டேன். குச்சி பிடித்திருந்தது. பத்து நிமிடம் கடித்துவிட்டு மறுபடி கம்பி. மூக்குக்கு மேலே முடி உதிர்ந்து தோல் சிவந்திருந்ததை அன்றுதான் கவனித்தேன். அதுவரை சத்தத்தைப் பற்றித்தான் கவலைப்பட்டேன். அதற்கு வலிக்கும் என்று தோன்றவே இல்லை.

அன்று அப்பா களத்தில் இறங்கினார். அப்பாவுக்கு ஃபேக்டரியில் தூள் சலிக்கும் ரூமில் வேலை. சலிக்கும்போது தேயிலையிலிருந்து பஞ்சு மாதிரி ஒரு நார் பறந்து விழும். அதை ஃபேக்டரிக்குப் பின்னால் உரத்துக்குக் குவித்திருப்பார்கள். லயத்தில் எல்லோர் வீட்டு ரோஜாத் தொட்டியிலும் அதுதான். அப்பா ஒரு பை நிறைய அள்ளி வந்தார்.

"பாவம், குளுருதுல்லா அதுக்கு. குளுருலதான் பல்லு கடிக்குது. இத மெத்தையாப் போடு."

"நம்ம பல்லு கடிச்சா குளிரு. எலி பல்லு கடிச்சாலும் குளிராப்பா?"

"போட்டுத்தான் பாரேன் பிள்ள."

போட்டோம். எலி உள்ளே புகுந்து சுருண்டது. பழுப்பு மெத்தையில் பழுப்பு எலி, எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. அப்பா சந்தோஷத்தில் மீசையைத் தடவினார்.

புதன்கிழமை சாயங்காலம் எலிக்குப் பேய் பிடித்தது. ஏழு மணிக்கு எழ வேண்டியது ஐந்து மணிக்கே எழுந்தது. கூண்டில் நாலு சுவரையும் சுற்றி ஓட்டம், கம்பியில் தொங்கல், கீழே விழல், திரும்ப ஓட்டம். கடித்த கடியில் கூண்டே மேஜையில் நகர்ந்தது. ஜெபமாலையில் அம்மா மூன்றாம் தேவ ரகசியத்தைத் தடுமாறி இரண்டு தடவை அறிவித்தாள். அடுத்த வீட்டு அக்கா, "இன்னைக்கு மிஷின வச்சுல்ல அறுக்காக!" என்றாள்.

வியாழக்கிழமை கொழுந்தை எடை போட்டுவிட்டு வந்த அம்மா, கூடையை இறக்கிவைத்துவிட்டுக் கூண்டுப் பக்கம் போனவள் அப்படியே நின்றாள். மூக்கை உறிஞ்சினாள். குனிந்து இன்னொரு தடவை உறிஞ்சினாள்.

"ஏட்டி, இங்க வா. ஒன் எலி கட்டன் டீ குடிக்குதுட்டி."

ஓடிப்போய்ப் பார்த்தேன். கூண்டில் தலைகீழாக மாட்டியிருந்த தண்ணீர் பாட்டில் ஒழுகியிருக்கிறது. சொட்டுச் சொட்டாக விழுந்து மூலையில் இருந்த பஞ்சு முழுக்க ஊறி, தட்டில் ஒரு ஸ்பூன் அளவுக்குச் செம்பழுப்பாக டிக்காஷன் தேங்கி நிற்கிறது. எலி அதன் கரையில் உட்கார்ந்து நக்கிக்கொண்டிருந்தது. மீசை நனைந்து, கண் முழித்து, டீக்கடை பெஞ்சில் இரண்டாவது கிளாஸுக்குக் காத்திருக்கிற ஆள் மாதிரி.

"சீனி வேணுமான்னு கேளு" என்றாள் அம்மா.

நானும் அம்மாவும் சிரித்ததில் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து "என்னட்டி, என்னட்டி?" என்று குரல் வந்தது. சிரித்து முடித்த பிறகுதான் யோசித்தேன். நமக்கு ஒரு கிளாஸ் கட்டன் என்றால் தூக்கம் போகும். கைப்பிடி உடம்புக்கு அது என்ன செய்யும்? போனில் தேடினேன். டீ, காபி பக்கமே விடக்கூடாதாம், இதயத்துக்கே ஆபத்தாம். ஒரு நிமிடத்தில் பஞ்சு முழுவதும் ரோஜாத் தொட்டிக்குப் போனது. கூண்டைக் கழுவினேன், பாட்டிலை மாற்றினேன், ஒன்பது மணி வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்து அது மூச்சு விடுகிறதா என்று பார்த்தேன். ஃபேக்டரியிலிருந்து வந்த அப்பா விஷயம் கேட்டு முகம் செத்துப்போய் நின்றார்.

"நான் குளுருன்னுல்லா நெனச்சேன்."

"பரவால்லப்பா. இந்த எஸ்டேட்ல டீ குடிக்காம யாரு இருக்கா?"

அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில்தான் ஒன்று கவனித்தேன். எலி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு நாலே எட்டில் போய்விடுகிறது. அங்கே சுவர். திரும்பி நாலு எட்டு. அங்கேயும் சுவர். அப்புறம் என்ன செய்யும்? கம்பியைத்தான் கடிக்கும். அது லவ் பேர்ட்ஸ் கூண்டு. ரூம்மேட் மலிவாகக் கிடைத்தது என்று வாங்கியது. பறவைக்கே பத்தாது. இதுவோ தோண்டுகிற ஜாதி, மண்ணுக்குள் வளை வெட்டி வாழ்கிற ஜாதி. நான் மூன்று மாதமாக வேலைக்கு அப்ளிகேஷன் போட்டுக்கொண்டு இரண்டு ரூம் வீட்டில் குறுக்கும் நெடுக்கும் நடந்துகொண்டிருந்தேன். கதவைக் கடிக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

பெரிய இடம் வேண்டும், ஆழமாகத் தோண்ட ஏதாவது வேண்டும், ஓட ஒரு சக்கரம் வேண்டும். கையில் ஒரு நாள்தான் இருந்தது. வீட்டைச் சுற்றிப் பார்த்தேன். கட்டிலுக்கு அடியில் அம்மாவின் தேயிலைப் பெட்டிகள் இரண்டு இருந்தன. இப்போது தூள் எல்லாம் காகிதச் சாக்கில் போகிறது. முன்பு பிளைவுட் பெட்டியில்தான் போகும். லயத்தில் வீட்டுக்கு இரண்டு மிச்சம் இருக்கும், துணி வைக்க, கம்பளி வைக்க.

"என் பெட்டியா? அதுல கிறிஸ்மஸ் குடில் சாமான்லாம் இருக்கு" என்றாள் அம்மா.

"குடில் சாமான ட்ரங்குப் பெட்டில வைக்கலாம்மா."

"எலிக்கு என் பெட்டி, சூசையப்பருக்கு ட்ரங்கா?"

அப்பா வாசலில் உட்கார்ந்துகொண்டே சொன்னார். "சூசையப்பரு தச்சருதான. நெலமையப் புரிஞ்சுக்கிடுவாரு."

அம்மா சிரித்துவிட்டாள். அதை உத்தரவாக எடுத்துக்கொண்டு சூசையப்பரை ஜாக்கெட் துணியில் சுற்றி ட்ரங்கில் படுக்க வைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே பெட்டிகளை வெந்நீர் ஊற்றி மூன்று தடவை தேய்த்து வெயிலில் வைத்தேன். இன்னொரு டீ பார்ட்டிக்கு எனக்குத் தெம்பில்லை. சாயங்காலம் அப்பா இரண்டு பெட்டியிலும் அடிப்பக்கமாக ஓட்டை போட்டு, தண்ணீர் லைன் போட்டபோது மிஞ்சிய மூன்று இஞ்ச் பிளாஸ்டிக் பைப்பால் இணைத்தார். பெயின்ட் வாளி மூடியின் நடுவில் ஒரு பழைய பேரிங்கைப் பொருத்தி, தேங்காயெண்ணெய் விட்டு, சக்கரமாக்கினார். மேலே கோழிக்கூண்டு வலை. எலிக்கு எட்டாத உயரம், ஆகவே கடிக்கக் கம்பியே கிடையாது. உள்ளே தோண்டுவதற்குக் காகிதம் வேண்டியிருந்தது. என் மூன்று வருட ரெகார்டு நோட்டை எடுத்து வந்து கிழித்தேன். அட்டையை மட்டும் விட்டுவிட்டேன். அம்மா தடுக்கப் பார்த்தாள்.

"படிச்ச நோட்டுடி!"

"படிச்சாச்சுல்லம்மா."

முழங்கை ஆழத்துக்குக் காகிதம், மேலே மாடு வளர்க்கிற வீட்டில் வாங்கிய காய்ந்த புல். விதையைக் கிண்ணத்தில் வைக்காமல் அங்கங்கே தூவிப் புதைத்தேன். வேண்டுமென்றால் தேடித் தின்னட்டும், என்னை பெல் அடித்துக் கூப்பிட வேண்டாம்.

சனிக்கிழமை ஏழு மணிக்கு எங்கள் முன்பக்க ரூமில் இருபத்திரண்டு பேர். பெட்டிகள் உள் ரூமில், அடுப்புச் சுவரை ஒட்டி. நான் கதவுக்குப் பக்கத்தில் முட்டி போட்டேன். காது மட்டும் உள்ளே இருந்தது. முதல் பத்துமணி, சத்தம் இல்லை. இரண்டாவது, சத்தம் இல்லை. மூன்றாவதில் எனக்கு வியர்த்தது. வியாழக்கிழமை குடித்த டீ இப்போது வேலையைக் காட்டிவிட்டதா? செத்துக் கித்துத் தொலைந்ததா? "பாவிகளாய் இருக்கிற எங்களுக்காக" என்ற இடத்தில் நான் மட்டும் எலிக்காக வேண்டிக்கொண்டேன்.

நாலாவதில் கேட்டது. சரசரசர. கடிக்கிற சத்தம் இல்லை. மெல்லிசாக, தூறல் தகரத்தில் விழுவது மாதிரி. எதிரே முட்டி போட்டிருந்த உபதேசியார் உண்மையிலேயே தலையைத் தூக்கிக் கூரையைப் பார்த்தார். அம்மா ஒரு கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் கையால் மண் தோண்டிக் காட்டினேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு மற்ற எல்லோரையும் விடச் சத்தமாக அடுத்த ஜெபத்தை எடுத்தாள்.

முடிந்து சுண்டல் கொடுக்கும்போது அடுத்த வீட்டு அக்கா கேட்டாள்.

"என்ன பிள்ள, எலிய அனுப்பிட்டீகளா? சத்தத்தையே காணும்."

"உள்ள ரூம் போட்டுக் குடுத்திருக்கோங்க்கா."

அப்புறம் வரிசை நின்றது. சுண்டல் தட்டோடு ஒவ்வொருவராகப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார்கள். எலி என் ரெகார்டு நோட்டுக்குள் வளை வெட்டி, பைப் வழியாக அந்தப் பெட்டிக்குப் போய், கன்னம் இரண்டும் உப்ப விதையோடு திரும்பி வந்தது. "நமக்கு ரெண்டு ரூமு, அதுக்கும் ரெண்டு ரூமு" என்றாள் அக்கா. "நடுவுல வராண்டா வேற!"

அப்போதுதான் வெளியே ஹாரன் கேட்டது. மாமா உள்ளே வந்து துண்டை உதறினார்.

"எங்கக்கா சரக்கு? முன் சீட்டுலயே வச்சுக்கிடுதேன்."

"என்ன சரக்கு?" என்றாள் அம்மா.

"போன்ல சொன்னியேக்கா, எலின்னு."

"நேத்துதாம்ல அதுக்குப் பெட்டி அடிச்சிருக்கு. அதெல்லாம் எங்கயும் வராது. ஒக்காரு, சுண்டல் தின்னு."

மாமா என்னைப் பார்த்தார். நான் தட்டை நீட்டினேன்.

இதெல்லாம் நடந்து மூன்று வாரம் ஆகிறது. மூக்கில் முடி முளைத்துவிட்டது. ஜெபமாலை நேரத்தில் சரசரவும், எப்போதாவது சக்கரமும் கேட்கும்; கம்பிச் சத்தம் இல்லை. இப்போது மணி எட்டு. அது பைப்புக்குள் இருக்கிறது.